மோசூலும் எண்ணெயும்

யோனாவின் வரலாற்றால் நாம் அறிந்த நினிவேயின் இடிபாடுகளுக்கு எதிரே, வேதாகமம் இதெக்கேல் என்றழைக்கும் டைகிரிஸ் ஆற்றின் மேற்குக் கரையில் மோசூல் நகர் அமைந்துள்ளது. 1918 அக்டோபர் 30-ஆம் நாள் துருக்கியுடன் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானபொழுது, பிரிட்டிஷ் படை அந்நகரை எட்டியிருக்கவில்லை. ஆயினும் அது முன்னேறிச் சென்று, நவம்பரில் துருக்கியரை வெளியேறச் செய்தது.

போர் ஓய்ந்தபின் இம்முன்னேற்றம் எதற்கு? அவ்வாண்டு ஆகஸ்டில், போர் அமைச்சரவையின் செயலர் மாரிஸ் ஹாங்கி, வெளியுறவு அமைச்சர் பால்ஃபருக்கு ஒரு கடிதம் எழுதினார். பாரசீகம், மெசப்பொத்தாமியா ஆகிய நாடுகளின் எண்ணெயைத் தம் ஆளுகைக்குள் கொணர்தல் முதன்மையான போர் நோக்கங்களுள் ஒன்றென அதில் வற்புறுத்தினார். கடற்படைக் கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிவந்த காலம் அது. 1914-இலேயே ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளைப் பிரிட்டிஷ் அரசு வாங்கியிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் பஸ்ராவை நோக்கிச் சென்ற இந்தியப் படைக்கு இடப்பட்ட பணிகளுள் ஒன்று, அக்கம்பெனியின் ஆபதான் சுத்திகரிப்பு ஆலையைக் காப்பதாகும். நம் நாட்டுப் போர்வீரருள் எத்தனை பேர் இதை அறிந்து மடிந்தனரோ!

எண்ணெய் ஒன்றே காரணம் என்பது மிகையாகும். இந்தியாவுக்குரிய வழியைக் காப்பதும், புதிய ஈராக்கின் வடஎல்லைக்கு மலையரண் தேடுவதும் கருத்தில் இருந்தன. எனினும், தம் வாதத்திற்கும் எண்ணெய்க்கும் தொடர்பில்லை என்று 1923-இல் லோசான் மாநாட்டில் கர்சன் பிரபு சாதித்தது நம்பத்தக்கதன்று. 1925 மார்ச்சில் துருக்கி பெட்ரோலியக் கம்பெனி ஈராக் அரசிடமிருந்து எண்ணெய் உரிமை பெற்றது. டிசம்பரில் சர்வதேச சங்கம் மோசூல் மாகாணத்தை ஈராக்குக்கு அளித்தது. 1927-இல் அம்மாகாணத்துக் கிர்கூக்கின் அருகே, பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்டது. தானியேல் புத்தகத்தின் அக்கினிச்சூளை அவ்விடமே என்பாரும் உண்டு.

திருச்சபை வரலாறு பயில்வோர் இவ்வழக்கில் நின்று நோக்கவேண்டிய பகுதி வேறொன்று. அசீரியக் கிறிஸ்தவர்களின் நல்வாழ்வும் பிரிட்டனின் வாதங்களுள் ஒன்றாக விளங்கியது. திருச்சூரிலுள்ள கல்தேய சிரியன் சபை இவர்களுடைய கிழக்குத் திருச்சபையைச் சார்ந்ததே. இவர்களுக்காக ஹக்காரி மலைநாட்டையும் பிரிட்டன் கோரிற்று. முடிவிலோ எண்ணெய் நிலம் ஈராக்குக்குக் கிட்டியது. ஹக்காரி துருக்கியிடமே நின்றது. தாயகம் இழந்த இம்மக்களின் இளைஞர் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழ்த் துணைப்படையினராய் ஊழியம் செய்து, அயலாரின் பகையையே சம்பாதித்தனர். 1932-இல் ஈராக் சுதந்திரம் அடைந்தது. 1933 ஆகஸ்டில் சிமேலே என்னும் ஊரில் ஈராக்கியப் படையினர் நிராயுதபாணிகளான அசீரியரைக் கொன்று குவித்தனர். பிரிட்டிஷ் விமானத்தளங்கள் அப்பொழுதும் அந்நாட்டில் இருந்தன.

மறு ஆண்டில் கிர்கூக் எண்ணெய் குழாய்வழியே மத்தியதரைக் கடற்கரையை அடைந்தது.