மறைந்த திரைப்படங்களைத் தேடுதல்

பழைய ஏடுகளைத் தேடி ஊரூராய் அலைந்த உ. வே. சாமிநாதையரின் உழைப்பைத் தமிழுலகம் நன்கறியும். ஓலைச்சுவடிகளைச் செல் அரித்தது போலவே, படச்சுருள்களை நெருப்பும் ஈரமும் அழித்துள்ளன. எனினும், அவற்றைத் தேடிக் காக்கும் ஆர்வம் நம்மிடையே இன்னும் போதிய அளவு வளரவில்லை.

1950ஆம் ஆண்டையொட்டிய காலம் வரை பெரும்பாலான படங்கள் எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றுச் சுருள்களில் அமைந்தன. பின்வந்த அசற்றேற்றுச் சுருள்களோ வெப்பத்தாலும் ஈரத்தாலும் புளித்த நெடி வீசிச் சுருங்குவன. ஓடி முடிந்த படங்களை வெள்ளிக்காக உருக்கியோரும் உளர். இக்காரணங்களால், நடராஜ முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ என்னும் ஊமைப்படமும், 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதா’ஸும் இன்று காணக்கிடைக்கவில்லை.

மறைந்தவை யாவும் அழிந்தவை அல்ல. ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் வரலாற்று ஊமைப்படம் கதையுரிமை வழக்கினால் முடக்கப்பட்டு, திருவனந்தபுரத்துப் புத்தக நிலையமொன்றில் கிடந்தது. 1964இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் அதனை 1974இல் பெற்றது. பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற ‘ஜோன் ஒவ் ஆர்க்’ படத்தின் மூலப் பிரதியொன்று 1981இல் நோர்வேயின் மனநல மருத்துவமனை ஒன்றில் வெளிப்பட்டது. எதிர்பாராத இடங்களையும் தேடவேண்டும் என்பதே இவை தரும் பாடம்.

இனி நம் நாட்டு நிலையை நோக்குவோம். 1962இல் ‘சமுதாயம்’, 1963இல் ‘தோட்டக்காரி’ என இலங்கைத் தமிழ்ப்படங்கள் தோன்றின. யாழ்ப்பாணத்து வாழ்வைக் காட்டிய ‘குத்துவிளக்கு’ (1972), வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ (1975), வானொலி நாடகத்தினின்று எழுந்த நகைச்சுவைப் படமாகிய ‘கோமாளிகள்’ (1976), தர்மசேன பத்திராஜாவின் ‘பொன்மணி’ (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978) என அவற்றின் வகை பலவாகும். 1983 யூலைக் கலவரத்தில் எந்தளை விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது திரைப்படச் செல்வம் பெரிதும் அழிந்தது.

சுருள் கிடைக்காதவிடத்துத் துணைச் சான்றுகள் உதவும். படமாளிகை வாசலில் விற்ற பாட்டுப்புத்தகத்தில் கதைச் சுருக்கமும் நடிகர் பெயர்களும் உண்டு. துண்டுப்பிரசுரம் திரையிட்ட நாளையும் இடத்தையும் உரைக்கும். இசைத்தட்டு குரலைக் காக்கும். இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் மறைந்த படத்தின் உருவத்தை ஓரளவு அறியலாம்.

அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை ஆகிய இடங்களில் பழைய பெட்டிகளைத் திறப்போர் இதனை மனத்திற் கொள்ளல் நன்று. மூடுபனி சூழும் நம் மலைநாட்டில் ஈரமே முதற் பகை. சுருள் கிடைப்பின் அதனை எறிகருவியில் ஓட்டலாகாது. இறுகியதை வலிந்து பிரித்தலும் ஆகாது. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில், தீக்கு அப்பால் வைத்து, துறையறிந்தோரிடம் காட்டுதல் வேண்டும். அக்காலத்துப் படம் பார்த்த முதியோரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்தலும் அவசியமாகும்.

தோட்ட மக்களைப் பற்றிய ஆவணங்களிற் பெரும்பாலானவை கொழுந்தின் நிறையையும் கூலியின் தொகையையுமே கூறுவன. மலையகத்தைத் திரைக்குக் கொணர்ந்த படங்கள் சிலவே. அவற்றையும் இழப்போமாயின், ஒரு தலைமுறையின் முகமும் பேச்சும் நடையும் நம் பிள்ளைகளுக்கு எட்டாமற் போய்விடும்.