மகரந்தத்தின் அழியாக் கவசம்

பூவின் இதழ் ஓரிரு நாளில் வாடிவிடுகின்றது. இலை உதிர்ந்து மக்குகின்றது. வைரம் பாய்ந்த மரமும் காலத்தால் உளுத்துப் போகின்றது. ஆனால், அப்பூ உதிர்த்த மகரந்தமணி தக்க இடத்திற் படிந்துவிடின், பல கோடி ஆண்டுகளின் பின்னரும் உருக்குலையாமல் உயிர்ச்சுவடாக எஞ்சியிருக்கின்றது. கண்ணுக்குத் தனியே புலப்படாத இத்துகளுக்கு இத்துணை உறுதி எங்ஙனம் வாய்த்தது?

மகரந்தமணிக்கு இரண்டு உறைகள் உள. செலுலோசு மிகுந்த உள்ளுறையும், அதனுள் அடங்கிய உயிர்ப்பொருளும் விரைவில் அழிவன. வெளியுறையோ ஸ்போரோபொலெனின் என்னும் வன்பொருளால் ஆயது. மணி மற்றொரு பூவைச் சேரும் வரை வெயிலும் வறட்சியும் அதன் உயிரைத் தாக்காது காப்பதே இவ்வுறையின் தொழில். மணலையே கரைக்கவல்ல ஐதரோபுளோரிக்கமிலமும் இதனைக் கரைப்பதில்லை. ஆதலால், ஆராய்ச்சியாளர் மண்ணை அவ்வமிலத்திற் கரைத்து, எஞ்சும் மகரந்தத்தைப் பிரித்தெடுக்கின்றனர்.

எனினும், இக்கவசத்துக்கும் பகை உண்டு. காற்றோட்டமுள்ள மண்ணில் ஒட்சிசனும் நுண்ணுயிர்களும் இதனையும் நாளடைவிற் சிதைத்துவிடும். ஒட்சிசன் அரிதாகப் புகும் ஏரியடிச் சேறும் சதுப்பு நிலமுமே இதன் காப்பகங்கள். அங்கே ஆண்டுதோறும் விழும் மகரந்தம் அடுக்கடுக்காகப் படிகின்றது.

உறையின் வடிவம் தாவரத்துக்குத் தாவரம் வேறுபடும். பைன் மரத்தின் மணிக்கு இரு காற்றுப்பைகள் உண்டு. புல்லின் மணி உருண்டையானது, ஒரே துளையுடையது. ஆகவே, நுணுக்குக்காட்டியின் உதவியால் அவற்றை இனங்கண்டு எண்ணுதல் கூடும். சுவீடன் நாட்டுப் புவியியலறிஞர் லெனார்ட் வொன் போஸ்ட் 1916ஆம் ஆண்டில், அடுக்குத்தோறும் இவ்வாறு எண்ணிப் பண்டைக் காடுகளின் மாற்றத்தை வரைபடமாகக் காட்டினார்.

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிச் சதுப்பு நிலமும் இத்தகைய ஏடே. 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அங்குப் படிந்த மகரந்தத்தைக் கொண்டு ஏறத்தாழ 24,000 ஆண்டுக் காலநிலை வரலாற்றை விளக்கிற்று. பனியுகத்தின் கடுமையான காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று நலிந்திருந்ததையும், பின்னர் மழை பெருகியதையும் அது புலப்படுத்தியது.

இச்சான்றை ஆய்ந்தே ஏற்றல் வேண்டும். காற்றினால் மகரந்தம் பரப்பும் தாவரங்கள் மிகுதியாகச் சொரிவதால், அவை காட்டில் இருந்த அளவினும் கூடுதலாகத் தோன்றும். பூச்சிகளை நம்பும் தாவரங்கள் குறைவாகவே தோன்றும்.

சதுப்பு நிலத்தைப் பயனற்றதெனக் கருதி நீரை வடித்துவிடின், அடியிலுள்ள சேற்றிற் காற்றுப் புகும். அமிலத்துக்கும் அசையாத கவசம் அப்போது சிதையத் தொடங்கும். அதனோடு, வேறெங்கும் எழுதப்படாத வரலாறும் அழிந்துபோகும்.