சீனாச்சட்டி தெரியும்... "சீனா பாடம்" தெரியுமா? காலேஜில் எடுக்கலாமா, வேண்டாமா?

பூதலூர்:-

பூதலூரில் இருந்து காலையில் ரெயில் ஏறி தஞ்சைக்கும் திருச்சிக்கும் படிக்கப் போகும் மாணவ-மாணவிகள் ஏராளம். வீட்டில் முதன்முதலாக காலேஜ் படி ஏறியவர்களும் இவர்களில் உண்டு. செமஸ்டர் தொடங்கும்போது கையில் ஒரு தாளைக் கொடுத்து, "விருப்பப் பாடம் எது? டிக் அடி" என்பார்கள். அப்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கும்.

அந்தப் பட்டியலில் சில பல்கலைக்கழகங்களில் சீன சமூகம், பண்பாடு, கலை, வணிகம் பற்றிய பாடமும் இருக்கிறது. வீட்டில் சொன்னால் அப்பா என்ன கேட்பார்? "ஏம்ப்பா தம்பி, களத்துமேட்டுல மூட்டை தூக்கி பீஸ் கட்டுறேன். சீனாவைப் பத்திப் படிச்சு என்ன பண்ணப் போற?" நியாயமான கேள்விதான். பதிலைப் பார்ப்போம்.

விருப்பப் பாடம் என்றால் என்ன?

பட்டப்படிப்பில் முக்கியப் பாடம்தான் மேஜர். அதோடு மாணவரே தேர்வு செய்து படிக்கும் பாடம்தான் விருப்பப் பாடம். பெரும்பாலும் ஒரு செமஸ்டர். 2 முதல் 4 கிரெடிட் வரை கிடைக்கும். இதனால் பட்டத்தின் பெயர் மாறாது. பி.காம். படிப்பவர் பி.காம்.தான். ஆனால் மார்க் பட்டியலில் இந்தப் பாடமும் ஏறும்.

எங்கே சொல்லித் தருகிறார்கள்?

இந்தியாவில் இதற்கு பிள்ளையார் சுழி போட்டவர் ரவீந்திரநாத் தாகூர். சாந்திநிகேதனில் சீன அறிஞர் டான் யுன்-ஷானுடன் சேர்ந்து 1937-ல் "சீன பவன்" தொடங்கினார். டெல்லியில் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லி பல்கலைக்கழகம் ஆகியவற்றில் சீனாவைப் பற்றிப் படிக்க தனித்துறைகள் உள்ளன. சென்னை ஐ.ஐ.டி.யில் சீன ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே என்ஜினீயரிங் மாணவர்களும் சில மானிடவியல் பாடங்களை எடுத்தாக வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

நம்ம ஊர் காலேஜ்களில் வரலாறு படித்தவர்களுக்கும் இது புதிதல்ல. சீனா-ஜப்பான் வரலாறு பல ஆண்டுகளாக பாடத்தில் இடம்பெற்றதுதான்.

பாடத்தில் என்ன இருக்கும்?

டெல்டாக்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், நெல்லில் இருந்தே தொடங்கலாம். 1978-ல் சீனாவின் சியாவ்காங் என்ற கிராமம். அன்று நிலமெல்லாம் கூட்டுப்பண்ணை. எவ்வளவு உழைத்தாலும் அரை வயிறுதான். 18 விவசாயிகள் ராத்திரியில் ரகசியமாகக் கூடி, நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்ள கைநாட்டு வைத்தார்கள். மாட்டியிருந்தால் ஜெயில்தான். ஆனால் விளைச்சல் கூடியது. பின்னர் அரசே அந்த முறையை நாடெங்கும் கொண்டு வந்தது. 1980-ல் ஷென்சென் நகரம் சிறப்பு பொருளாதார மண்டலம் ஆனது. சீன வணிகம் பற்றிய பாடத்தில் இந்தக் கதைகள் தவறாமல் வரும்.

சமூகப் பகுதியில் "ஹுகோவ்" என்ற குடும்பப் பதிவு முறை வரும். கிராமத்து ஆள் நகரத்து மில்லுக்கு வேலைக்குப் போனாலும் நகரத்துக்காரருக்கு உள்ள எல்லா சலுகையும் எளிதில் கிடைக்காது. பிழைப்புக்காக திருப்பூர் போன நம்ம பிள்ளைகளை நினைத்தால் இது சட்டென்று புரியும். கலை, பண்பாடு என்று போனால் எழுத்தோவியம், சீன நாடகம், கன்பூசியஸ், புத்த மதம் என நீளும்.

நமக்கும் சீனாவுக்கும் என்ன ஒட்டு?

ஆயிரம் வருட ஒட்டு! ராஜராஜ சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015-ல் சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. 1077-ல் சோழ நாட்டில் இருந்து 72 பேர் போனார்கள். கண்ணாடிப் பொருள், கற்பூரம், யானைத் தந்தம், பன்னீர், பெருங்காயம் என்று கொண்டு போனவர்கள், 81,800 கோவை செப்புக்காசு பெற்றுத் திரும்பினார்கள். இது சீனக் குறிப்பிலேயே இருக்கிறது. சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281-ம் ஆண்டு தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அங்கே சிவன் கோவிலே இருந்தது. நாகப்பட்டினத்தில் "சீன பகோடா" என்று அழைக்கப்பட்ட பழைய கோபுரம் 1867 வரை நின்றது.

அங்கிருந்தும் தமிழைத் தேடி வந்தார்கள். சீன வானொலி 1963-ல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. சீன அறிவிப்பாளர்கள் தமிழ்ப்பெயர் வைத்துக்கொண்டு செந்தமிழில் பேசியதை நம்ம ஊர் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அவர்கள் நம் மொழியைப் படித்தார்கள். நாம் அவர்களைப் படித்தோமா?

வேலை கிடைக்குமா?

உள்ளதைச் சொல்லிவிடுவோம். இந்த ஒரு பாடத்தை மட்டும் காட்டினால் யாரும் வேலை தரமாட்டார்கள். ஒரு செமஸ்டரில் சீன மொழியும் வந்துவிடாது. ஆனால் இதோடு "மாண்டரின்" மொழியைத் தனியாகப் படித்து, எச்.எஸ்.கே. என்ற மொழித்தேர்வும் எழுதினால் கதை வேறு. மொழிபெயர்ப்பு, ஏற்றுமதி-இறக்குமதி, பொருள் கொள்முதல் வேலைகளுக்கு முயற்சி செய்யலாம்.

இன்னொரு விஷயம். மாண்டரின் பேசுவது சீனா மட்டுமல்ல, தைவானும்தான். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிக்கும் பாக்ஸ்கான் தைவான் கம்பெனி. கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஜெயங்கொண்டத்தில் தைவான் ஷூ தொழிற்சாலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இப்படிப்பட்ட கம்பெனிகளில் வெளிநாட்டு மேலாளருக்கும் நம்ம தொழிலாளிக்கும் நடுவில் பேச ஆள் வேண்டும்.

அதே நேரம் 2020 கல்வான் மோதலுக்குப் பிறகு இந்தியா-சீனா உறவு பல ஆண்டுகள் கசந்து கிடந்ததையும் மறக்கக்கூடாது. அரசியல் காற்று மாறினால் வேலைவாய்ப்பும் ஆடும். ஆகவே மேஜர் பாடத்தைக் கோட்டை விடக்கூடாது. அதுதான் சாப்பாடு. இது ஊறுகாய்.

டிக் அடிக்கும் முன்...

* பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். வரலாறு மட்டுமா, வணிகமும் உண்டா என்று தெரியும்.

* எத்தனை கிரெடிட், தனி பீஸ் உண்டா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள்.

* காலேஜில் இல்லையென்றால் மத்திய அரசின் "ஸ்வயம்" இணையதளத்தில் அந்த செமஸ்டருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். பாடம் இலவசம். தேர்வுக்கு மட்டும் கட்டணம். கிரெடிட் ஏற்கப்படுமா என்று முன்கூட்டியே காலேஜில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

* "சீனா கோர்ஸ் முடித்தால் வேலை கியாரண்டி" என்று பணம் கேட்கும் புரோக்கர்களிடம் ஏமாறாதீர்கள்.

அப்பா கேட்ட கேள்விக்கு பதில் இதுதான். சீனாவுக்குப் போவதற்காகத்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. சீனாவும் தைவானும் நம்ம கடைத்தெருவுக்கும் பேக்டரிக்கும் வந்துவிட்டன. வந்தவர்களோடு கணக்கு பேச, அவர்களைப் பற்றி நாலு விஷயம் தெரிந்த பிள்ளை நம்ம வீட்டிலும் இருக்கட்டுமே!