கல்லு பழகிருச்சா பாஸ்?

'தெர்மல் ஸ்ட்ரெஸ்' பத்தி செமஸ்டர்ல பக்கம் பக்கமா எழுதித் தள்ளினவ நான். லீவுக்கு வீட்டுக்குப் போய், கொதிக்கிற தோசைக்கல்லுல ஒரு சொம்பு பச்சைத்தண்ணி ஊத்தினவளும் நானேதான். 'டப்'! அப்பத்தா நாற்பது வருஷமாப் பழக்கின வார்ப்பிரும்புக் கல்லு, குறுக்கே விரிசல் விட்டுருச்சு. அப்பத்தா ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் தாங்க முடியலை!

வார்ப்பிரும்புல கார்பன் 2 சதவிகிதத்துக்கும் மேல. சூட்டை நல்லாப் பிடிச்சு வெச்சுக்கும். ஆனா, வளைஞ்சு கொடுக்காது, உடைஞ்சுடும்.

அதே மாதிரி பழைய கல்லு ஒண்ணைத் தேடி காயலான் கடை ஏறி இறங்கினேன். நீங்களும் போறதா இருந்தா, இதையெல்லாம் கவனிங்க.

விரலை மடக்கித் தட்டுங்க. 'ணங்'னு மணி மாதிரி கேட்டா ஓகே. சத்தம் செத்துப்போய்க் கேட்டா, உள்ளே விரிசல் இருக்கலாம். சமதரையில வெச்சுப் பாருங்க, ஆடக் கூடாது. துருவைப் பார்த்துப் பயப்படாதீங்க, அது போயிடும். ஆனா ஈயம், தார் காய்ச்சின சட்டின்னா தொடவே தொடாதீங்க.

வாங்கியாச்சா? புளியும் தேங்காய் நாரும் போட்டுத் துருவைத் தேய்ச்சுக் கழுவி, உடனே அடுப்புல காய வைங்க. நல்லெண்ணெயை மெல்லிசாத் தடவி, லேசாப் புகை வர்ற வரைக்கும் சூடு பண்ணி ஆற விடுங்க. இப்படி நாலஞ்சு தடவை. சூட்டுல எண்ணெய் மூலக்கூறுகள் கைகோத்து, இரும்பு மேல கெட்டியான படலமாயிடும். நம்ம பாலிமரைசேஷன்தான் பாஸ்! எண்ணெய் ஜாஸ்தியானா பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

தோசைக்கல்லுல சப்பாத்தி போடாதேன்னு வீட்டுல கத்துறாங்களே, அதுக்கும் காரணம் இருக்கு. எண்ணெயில்லாம காயுற சூட்டுல அந்தப் படலம் கருகிப் போயிடும். புளிக்குழம்பும் புதுசாப் பழக்கின சட்டிக்கு ஆகாது. புளிப்பு படலத்தை அரிச்சிடும். தண்ணியில ஊறப் போடாதீங்க. கழுவினதும் துடைச்சு, துளி எண்ணெய் தடவி வைங்க. முக்கியமா, ஆறின பிறகுதான் தண்ணி!

நான் வாங்கின கல்லுல மூணு நாள் தோசை பிய்ஞ்சு பிய்ஞ்சு வந்துச்சு. நாலாம் நாள், ஓரம் தானாக் கிளம்பி முழுசா வந்தது. அப்பத்தா கல்லைத் தடவிப் பார்த்துச்சு.

"பழகிருச்சுத்தா. இனி இது உன் கல்லு, நீதான் பார்த்துக்கணும்!"

உங்க வீட்டுப் பரண்லயும் ஒண்ணு துருப்பிடிச்சுக் கிடக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமை ஏறித்தான் பாருங்களேன்!