முட்டுக்காட்டு ஜலமும் கண்ணாடித் தொட்டியும்

மாமல்லபுரம் போகிற வழியில் முட்டுக்காட்டுப் பாலத்தருகே இறங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் படகுகளைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆயினும், கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ள, வெயிலில் உப்பேறிக் கிடந்து, ஐப்பசி மழையில் வெள்ளம் புகுந்ததும் ஏறக்குறைய நன்னீராகவே மாறிவிடுகிற அந்தக் கழி ஜலத்தில் ஆண்டு முழுவதும் மீன்கள் பிழைத்திருக்கின்றன என்பதுதான், வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவன் முதலில் யோசிக்கவேண்டிய விஷயம்.

ஆசை புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909-லேயே மெரினாவில் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. அதற்குச் சமுத்திரம் எதிரிலேயே இருந்தது. செங்கற்பட்டில் நம் வீட்டுக் கூடத்தில் இருப்பதோ நூறு லிட்டர் தொட்டி. பவளப்பாறை மீன்கள் பிறந்தது முதல் உப்பும் உஷ்ணமும் அதிகம் மாறாத நீரில் வாழ்பவை. சித்திரை வெயிலில் நம் தொட்டியின் நீர்மட்டம் ஒரு வாரத்தில் இரண்டு விரற்கடை இறங்கிவிடும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகையால் குறைந்த அளவை ஈடுகட்டக் குளோரின் நீங்கிய நல்ல தண்ணீரைத்தான் வார்க்கவேண்டும். உப்புநீரை வார்த்து மீனைப் பறிகொடுக்காதவர்கள் இத்துறையில் அபூர்வம்.

நான் செய்த பிழை வேறு விதம். கடைகளில் விற்கும் மீன்தொட்டி உப்பை லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைத்துக்கொள்வதை விட்டு, செலவில்லாமல் வருகிறதே என்று, கார்த்திகை மாதத்தில் கோவளத்துக் கரையிலிருந்து இரண்டு குடம் நீர் கொண்டுவந்தேன். அடர்த்திமானியில் 1.025 காட்டவேண்டிய இடத்தில் அது 1.012-ஐத் தாண்ட மறுத்தது. கழியின் வெள்ளம் கலந்த நீர் என்பதை வாயில் ஒரு துளி விட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

ஜலம் சரியாக அமைந்தாலும் அன்றைக்கே மீன் விடலாகாது. மீனின் கழிவில் பிறக்கும் அமோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பின்பு அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் வேண்டும்.

பிறகுதான் தேர்வு. திரைப்படத்தில் கண்டு குழந்தைகள் கேட்கிற நீலச் சர்ஜன் மீன் ஓரடி வளரும். சிறு தொட்டி அதற்குச் சிறை. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவள உயிர்களையே தின்று வாழ்பவை, நாம் போடும் தீனியைத் தொடாமலே மெலிந்து இறக்கும். நீல டாம்சல் எதையும் தாங்கும். ஆனால் தொட்டி முழுவதும் தன் சொத்து என்று மற்றவற்றை விரட்டும். கடற்குதிரையையும் பவளத்தையும் 2001 முதல் வனவிலங்குச் சட்டம் காக்கிறது. யார் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

முழுக் கடலுப்பில்தான் வளர்ப்பேன் என்பவருக்கு என் சிபாரிசு, பண்ணையில் பொரித்த ஒரு ஜோடிக் கோமாளி மீன். மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். பிறந்தது முதல் தொட்டியையே அறிந்தவையாதலால் உலர்தீனியைத் தயங்காமல் உண்ணும். கடற்சாமந்தி இல்லாவிட்டாலும் வாழும். ஜோடியில் பெரியது பெண். அது இறந்தால் ஆணே பெண்ணாக மாறிவிடும் என்பது புராணத்தில் வரவேண்டிய செய்தி, ஆனாலும் மெய்.

அந்தப் பிடிவாதம் இல்லாதவருக்குக் கழி மீன்களே உத்தமம். கொடுவாவை 1997-ல் பொரிக்கவைத்த மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் முட்டுக்காட்டிலேயே இருக்கிறது. அலங்கார மீன்களிலும் அதற்கு அக்கறை உண்டு. கழி மீன் எல்லாமே சிறு தொட்டிக்கு ஆகாது என்பதையும் சொல்லவேண்டும்: கீச்சான் பக்கத்து மீனின் செதிலைக் கொத்தும், புள்ளிகள் நிறைந்த ஸ்காட் சாப்பாட்டுத் தட்டளவு பெருகும். எஞ்சுவது, மலையாளத்தார் பள்ளத்தி என்றழைக்கும் ஆரஞ்சு குரோமைடு. மூன்று அங்குலத்துக்கு மேல் அரிதாகவே வளரும். கடலுப்பில் பாதியோ அதனினும் குறைவோ போதும். நம் கைப்பிசகில் உப்பு சற்று ஏறி இறங்கினாலும் பொறுத்துக்கொள்ளும்.

ஒரு சட்டித் துண்டைக் கவிழ்த்து வைத்தால் அதன் உட்புறத்தில் முட்டையிட்டு, தாயும் தகப்பனும் மாறி மாறிச் செட்டையால் விசிறிக்கொண்டிருக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியபின் மாலையில் விளக்கைப் போட்டு நிதானமாகப் பார்த்தால், அவை பெற்றோரின் விலாவில் ஒட்டி ஒட்டி விலகி, தோலில் ஊறும் கோழையைக் கொறிப்பது தெரியும். பெரிய மீன் அதற்காகவே அசையாமல் நின்றுகொடுக்கும்.