உதிரிப் பாகத்துக்கும் லைசென்சு!

செஞ்சி, சீயமங்கலம் பக்கம் போகிறவர்கள் செஞ்சிக் கோட்டையைப் பார்க்காமல் திரும்புவது இல்லை. அங்கே ராஜகிரி மலையின் உச்சியில் ஒரு பழைய பீரங்கி கிடக்கிறது.

இந்தக் கோட்டையை 1677-ம் ஆண்டு சிவாஜி பிடித்தார். 1698-ல் மொகலாயர் பிடித்தனர். 1750-ல் பிரெஞ்சுக்காரரும், 1761-ல் ஆங்கிலேயரும் பிடித்தார்கள்.

கோட்டை கை மாறினால் உள்ளே இருக்கும் ஆயுதமும் கை மாறும். நேற்று ஊரைக் காத்த பீரங்கி இன்று ஊரை நோக்கியே திரும்பும்!

இந்த ஆபத்து இன்றும் உண்டு. அதனால்தான், வெளிநாட்டுக்கு ஆயுதம் விற்க மத்திய சர்க்காரின் லைசென்சு வேண்டும்.

பட்டியலில் என்ன?

துணியையும் தேயிலையையும் போல ஆயுதத்தைக் கப்பலில் ஏற்றிவிட முடியாது.

"ஸ்கோமெட்" என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் 6-வது பிரிவில் ராணுவத் தளவாடங்கள் வருகின்றன. பீரங்கியும் குண்டும் மட்டும் அல்ல. அவற்றுக்கென்றே செய்யப்படும் உதிரிப் பாகங்களும் அதில் அடங்கும்.

இவற்றுக்கு லைசென்சு தருவது, பாதுகாப்பு அமைச்சகத்தின் தளவாட உற்பத்தித் துறை.

வாங்குகிறவர் யார்? எதற்கு வாங்குகிறார்? வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாரா? இவற்றைப் பார்த்த பிறகே அனுமதி கிடைக்கும்.

என்ன மாறியது?

முன்பு, சிறிய பாகம் விற்பதற்கும் வாங்கும் நாட்டு சர்க்காரின் கையெழுத்து தேவைப்பட்டது. உதிரிப் பாகங்களுக்கு அந்த நிபந்தனை பிறகு நீக்கப்பட்டது.

2019 அக்டோபரில் "பொது ஏற்றுமதி லைசென்சு" வந்தது. இதை ஒரு முறை வாங்கினால் போதும். குறிப்பிட்ட காலம் வரை, குறிப்பிட்ட பாகங்களை, குறிப்பிட்ட நாடுகளுக்கு அனுப்பலாம். ஒவ்வொரு தடவையும் மனுப் போட வேண்டாம். பிரான்சு, ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகியவை அந்த நாடுகளில் சில.

ஆனால், 2019-ல் வந்த விதிப்படி முழு விமானத்தை இப்படி அனுப்ப முடியாது. அனுப்பிய சரக்குக்கு 3 மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் காட்ட வேண்டும்.

ஏறிய வியாபாரம்

2013-14-ம் ஆண்டில் இந்தியா 686 கோடி ரூபாய்க்குத் தளவாடம் ஏற்றுமதி செய்தது. 2024-25-ல் அது 23,622 கோடி ரூபாய்!

தமிழ்நாட்டில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஊர்களை இணைத்து, 2019-ல் தளவாடத் தொழில் வழித்தடம் தொடங்கப்பட்டது. இதனால் சிறு பட்டறைகளுக்கும் ஆர்டர் வர வழி பிறந்தது.

பட்டறைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "நான் செய்வது சின்ன இரும்புத் துண்டுதானே!" என்று இருந்துவிடக் கூடாது. அது பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லைசென்சு இல்லாமல் அனுப்பினால் அபராதம் உண்டு. ஏற்றுமதி செய்யும் உரிமையே பறிபோகலாம்.

வேலையும் வருமானமும் பெருகுவது நல்லதுதான். ஆனால், கப்பல் ஏறிப் போன குண்டைத் திரும்ப அழைக்க முடியாது. அது யார் தலையில் விழும் என்பதை, விற்பதற்கு முன்பே யோசிக்க வேண்டும். லைசென்சு இருப்பது அதற்காகத்தான்.