சேலம் மாநகர் அளவுதான் மக்கள்... கடல் மட்டத்துக்குக் கீழே தலைநகர்! கயானாவுக்கு அடித்த எண்ணெய் யோகம்

சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் என்று போனால் மரவள்ளிக் காடும் சேகோ மில்லும்தான் கண்ணில் படும். நம்ம ஊர்ப் பயிராகவே ஆகிவிட்ட இந்தக் கிழங்கின் பூர்வீகம் தென் அமெரிக்கா. அந்தக் கண்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது கயானா. நாம் கிழங்கு மாவை ஜவ்வரிசி ஆக்குகிறோம். அவர்கள் கசப்பு மரவள்ளியின் சாற்றைக் கறுத்துக் கெட்டியாகும் வரை காய்ச்சி 'கசரீப்' ஆக்குகிறார்கள். காய்ச்சினால்தான் விஷம் போகும். (மரவள்ளி இலையைத் தின்ற ஆடு என்ன ஆகும் என்று நம்ம விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.)

ஆனால் உலகம் இப்போது கயானாவைத் திரும்பிப் பார்ப்பது கிழங்குக்காக அல்ல, எண்ணெய்க்காக.

சின்ன நாடா, பெரிய நாடா?

பரப்பளவு சுமார் 2.15 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டை விட ஒன்றரை மடங்குக்கும் மேல். மக்கள்தொகையோ சுமார் 8 லட்சம்தான். சேலம் மாநகராட்சியில் மட்டும் 2011 கணக்கெடுப்பிலேயே 8.29 லட்சம் பேர் இருந்தார்கள். உள்நாடு பெரும்பாலும் காடு. அதனால் பத்தில் ஒன்பது பேர் கடலோரத்தில் ஒரு குறுகிய பட்டையில் வாழ்கிறார்கள்.

சிக்கலே அங்கேதான். அந்தப் பட்டை, அலை ஏற்றத்தின்போது கடல் மட்டத்துக்கும் கீழே போய்விடும். தலைநகர் ஜார்ஜ்டவுனைக் காப்பது கடல் சுவரும், டச்சுக்காரர் காலத்து வழக்கமான 'கோக்கர்' மதகுகளும். கடல் வற்றும்போது மதகைத் திறந்து ஊர்த் தண்ணீரை வெளியே விடுவார்கள். ஏறும்போது மூடிவிடுவார்கள். மூடியிருக்கும் நேரத்தில் கனமழை பிடித்தால் ஊர் மிதக்கும். 2005 ஜனவரியில் அப்படித்தான் பெருவெள்ளம் வந்தது.

தமிழர்கள் எப்படிப் போனார்கள்?

கரும்புத் தோட்ட வேலைக்கு 1838 முதல் 1917 வரை சுமார் 2.39 லட்சம் இந்தியர்களை ஆங்கிலேயர்கள் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து, ஒரு பகுதியினர் சென்னையிலிருந்து. அந்த 'மதராஸி'களின் வாரிசுகளிடம் தமிழ் மறைந்துவிட்டது, மாரியம்மன் மறையவில்லை. 'காளி மாய்' கோயில்களில் தப்பு அடித்து சாமி ஆடுகிறார்கள். 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்த மோசஸ் நாகமுத்துவும் அந்த வழி வந்தவர்தான்.

எண்ணெய்ப் பணம் யாருக்கு?

2015-ல் கடலுக்கு அடியில் எக்ஸான்மொபில் எண்ணெய் கண்டுபிடித்தது. 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. 2024-ல் நாளொன்றுக்கு 6 லட்சம் பீப்பாய்க்கு மேல். 2022-ல் மட்டும் பொருளாதாரம் 60 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஒப்பந்தத்தைப் பார்த்தால் கதை வேறு. 100 பீப்பாய் எடுத்தால், செலவுக் கணக்கில் 75 வரை நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் 25-ல் பாதி கயானாவுக்கு. கூடவே 2 சதவீதம் ராயல்டி. ஆக, கைக்கு வருவது கிட்டத்தட்ட பதினாலரைதான். பேரம் பேசத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்ற கோபம் அங்கே இன்னும் அடங்கவில்லை.

பாதிக்கு மேல் எங்களுடையது என்கிறது வெனிசுலா

நாட்டின் மூன்றில் இரண்டு பங்கான எஸ்ஸெகிபோ பகுதியை 1899-ல் பாரிஸ் நடுவர் மன்றம் ஆங்கிலேயர் பக்கம் கொடுத்தது. அந்தத் தீர்ப்பு செல்லாது என்பது வெனிசுலாவின் வாதம். 2018-ல் கயானா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. இப்போதுள்ள நிலையை மாற்றக் கூடாது என்று 2023 டிசம்பர் 1-ல் நீதிமன்றம் வெனிசுலாவுக்கு உத்தரவிட்டது. இரண்டே நாளில் அந்தப் பகுதியை இணைத்துக்கொள்வது பற்றி வெனிசுலா வாக்கெடுப்பு நடத்தியது. பழைய சண்டைதான், ஆனால் எண்ணெய் கிடைத்த பிறகு சூடு ஏறிவிட்டது.

வெனிசுலா ஒரு பக்கம் என்றால், கடல் இன்னொரு பக்கம். எண்ணெய் தரும் அதே கடலின் மட்டம் உயர்ந்துகொண்டே இருக்கிறது. ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே, உள்ளே தள்ளி, மேட்டு மணல் நிலத்தில் 'சிலிக்கா சிட்டி' என்று புது நகரம் ஒன்றை அரசு கட்டத் தொடங்கியிருக்கிறது.